இல்லாத ஆள்

"நாளைக்கு மூணு மணிக்கு உளுந்தூர்பேட்ட பஸ் ஸ்டாண்டுல உனக்கு இன்னா வேல?"

செழியன் குரலை அடக்கித்தான் கேட்டான், கோபம்தான் அடங்கவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்த மனைவி செல்வி நிமிரவில்லை.

"யாரு சொன்னாங்க?"

"யாரோ சொன்னாங்க. பேச்ச மாத்தாத."

"மாத்தலங்க. கேம்ல ஹேக் போட்டு ஆடுறவன நீங்க எப்டிப் புடிப்பீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

தியாகதுருகத்து வீட்டில் இருந்தபடியே ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் கம்பெனிக்காகத் திருட்டு ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொடுப்பதுதான் செழியனின் உத்தியோகம். அதைப் பற்றிக் கேட்டால் அவனுக்கு வாய் நிற்காது.

"செவுத்துக்குப் பின்னால பொய்யா ஒரு ஆள நிறுத்துவோம். ஒழுங்கா ஆடுறவன் கண்ணுக்கு அது தெரியாது. செவுத்தத் தாண்டிப் பாக்குற ஹேக் போட்டவனுக்கு மட்டுந்தான் தெரியும். அதப் பாத்து சுட்டான்னா மாட்டிக்கினான். ஒடனே பிளாக்!"

"கெஞ்ச மாட்டானா?"

"'இதான் சார் மொத தடவ'ன்னு அழுவான். எல்லாத் திருடனும் சொல்றதுதான். வுடவே மாட்டோம்."

செல்வி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் உளுந்தூர்பேட்டைக்குப் போவலங்க. குளிக்கப் போறப்பெல்லாம் யாரோ என் செல்ல நோண்டுறாங்கன்னு சந்தேகம். அதான் எனக்கு நானே அப்டி ஒரு மெசேஜ் அனுப்பி வெச்சேன். வேற யாருகிட்டயும் சொல்லல."

"செல்வி, இதான் மொத..." என்று ஆரம்பித்த செழியன், பாதியிலேயே தலையைக் குனிந்துகொண்டான்.