பச்சைப் புள்ளி

"இதுகூடவா தெரியல? நான் கேன்சர், நான் கேன்சர்னு கத்திக் கத்திச் சொல்லுதேம்மா! எதுக்குத்தான் பட்டம் வாங்கினியோ!"

மைக்ராஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்காமலே பெரிய டாக்டர் போட்ட சத்தம் லேப் முழுக்கக் கேட்டது.

பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் தலையாட்டினாள். "சந்தேகமா இருந்தது மாமா. அதான் புள்ளி வெச்சேன்."

"லேப்ல மாமா கிடையாது. சார்!"

அவள் அவருடைய மருமகள். நோயாளிகளின் சதைத் துணுக்கு ஒட்டிய ஸ்லைடுகளைத் தினமும் முதலில் அவள்தான் பார்ப்பாள். சந்தேகமான இடத்தில் கண்ணாடி மேல் பச்சை மசியால் கடுகளவு ஒரு புள்ளி வைப்பாள். அப்புறம் ஸ்லைடுத் தட்டு மாமனாரிடம் போகும். திட்டு மருமகளுக்கு வரும்.

ஸ்லைடு தயார் செய்யும் டெக்னீஷியன் அக்காவுக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும். எதையும் தோண்டித் துருவாமல் விடமாட்டாள் என்பதால் லேபில் அவளுக்குப் பெயர் 'சிஐடி'.

"ஏன் டாக்டர், நிஜமாவே உங்களுக்குத் தெரியலையா? தினமும் வாங்கிக் கட்டிக்கறீங்களே!"

"தெரிஞ்சா கேட்பேனா அக்கா?" என்று சிரித்தாள் சின்ன டாக்டர்.

இந்தப் பொண்ணுக்கு எப்பத்தான் தலையில ஏறுமோ என்று சிஐடி நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்கேனர் வந்து இறங்கியது. ஸ்லைடை உள்ளே வைத்தால் படம் பிடித்துக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகக் காட்டும். மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டாம். பெரிய டாக்டர் அதற்கு வைத்த பெயர் 'டிவி'.

ஆனால் அதற்குப் பரீட்சை வைக்கச் சொன்னவரும் அவரேதான்.

"சிஐடி, ஆபரேஷன் முடிஞ்சு இன்னதுதான்னு உறுதியான பழைய கேஸ் ஸ்லைடா எடு. நாங்க ரெண்டு பேரும் தனித்தனியா மைக்ராஸ்கோப்ல பார்த்துச் சொல்றோம். சில வாரம் போகட்டும், பார்த்தது மறக்கட்டும். அப்புறம் அதையே டிவியில பார்த்துச் சொல்றோம். டிவி தேறலைன்னா மெஷின் வந்த வழியே போகட்டும்."

எல்லாம் முடிந்து ஒப்பிட்டுப் பார்த்த சிஐடிக்கு மண்டை குழம்பியது.

மைக்ராஸ்கோப்பில் பெரிய டாக்டர் ஒன்றைக்கூட விடவில்லை. டிவியில் நிறைய விட்டிருந்தார். அதுவும் எப்படி? கேன்சரை ஒன்றுமில்லை என்று! இது மட்டும் பரீட்சையாக இல்லாமல் நிஜ ரிப்போர்ட்டாகப் போயிருந்தால்?

சரி, டிவி மோசம் என்று முடிவு கட்டலாம் என்றால், இதுகூடத் தெரியாத அந்தப் பொண்ணு? மைக்ராஸ்கோப்பிலும் எல்லாம் சரி. டிவியிலும் எல்லாம் சரி. ஒரே டிவி, அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

சிஐடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் தவறவிட்டதில் ஒரு ஸ்லைடை எடுத்துக்கொண்டு போனாள்.

"சார், இதை மட்டும் மறுபடி மைக்ராஸ்கோப்ல பாருங்களேன்."

குனிந்தார். ஸ்லைடை அப்படியும் இப்படியுமாக ரொம்ப நேரம் நகர்த்தினார்.

"ஒண்ணுமில்லையே. சுத்தமா இருக்கு."

இதே மைக்ராஸ்கோப். இதே ஸ்லைடு. போன தடவை கேன்சர் என்று அடித்துச் சொன்னவரும் இவரே. அப்படியானால் என்னதான் மாறியது?

ஒன்றே ஒன்று மாறியிருந்தது. ஸ்கேனருக்குள் மசி போகக்கூடாது என்று, அந்தப் பழைய ஸ்லைடுகளில் சின்ன டாக்டர் அப்போதே வைத்திருந்த பச்சைப் புள்ளிகளை எல்லாம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தது அவளேதான்.

அவளுக்குச் சுரீர் என்றது. சந்தேகமாம் சந்தேகம்! சந்தேகப்படுகிறவள் கேன்சர் இருக்கிற இடமாகவே பார்த்து எப்படிப் புள்ளி வைப்பாள்?

நிமிர்ந்தாள். வாசலில் சின்ன டாக்டர், முகம் வெளுத்துப்போய். ஓடி வந்து ஸ்லைடைப் பிடுங்காத குறையாக எடுத்தாள்.

"மெஷினைத் திருப்பி அனுப்பிடுங்க அக்கா. படமே சரியில்ல. நானும் குத்துமதிப்பாத்தான் சொன்னேன். ஏதோ அதிர்ஷ்டம்."

"எல்லாத்துலயுமா டாக்டர் அதிர்ஷ்டம்?"

"அக்கா... ப்ளீஸ்."

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்.

"மெஷின் மேல பழி போடாதம்மா. அது நல்லாத்தான் இருக்கு. நான் பரீட்சை வெச்சது அதுக்கில்ல."

"மாமா..."

இந்தத் தடவை அவர் திருத்தவில்லை.

"நீ ஒரு புள்ளியைக்கூட சந்தேகத்துல வைக்கல, கேன்சர்னு தெரிஞ்சேதான் வெச்சேன்னு எனக்குத் தெரியாதா? என் பார்வை மங்கிப் போச்சுன்னு தெரிஞ்சேதான் உன்னைத் திட்டிட்டு இருந்தேன். ஒத்துக்க வாய் வரல. பரீட்சையே சொல்லட்டும்னு விட்டேன். சொல்லிடுச்சு."

எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உட்காரு. இனிமே எனக்குச் சந்தேகம்னா நான் புள்ளி வைக்கிறேன். நீ திட்டு."