ஒரு பிடி ஈயக் குண்டு

மகள் ஆரணி, தான் விரும்பிய நோர்வேப் பெடியன் ஸிண்ட்ரேயை ஹவுகெட்டோவிலுள்ள தங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கூட்டிவரும் நாள் அது. மூன்று கிழமையாக அதுபற்றி மனைவி யோகாம்பாளோடு ஒரு வார்த்தை கதைக்காத ஸ்ரீஸ்கந்தராசா, குசினி மேசையில் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக உருக்கு வளையத்துக்குள்ளால் அமத்தித் தள்ளிக்கொண்டிருந்தார். யோகாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு மேசையடிக்கு வந்தாள்.

"என்னப்பா உது?"

"குண்டு பெரிசு. துவக்குக்குள்ளை போகாது. அளவாக்கிறன்."

"ஐயோ, ஏன்?"

"அவன் வர முந்தி முடிக்கோணும். கதையாதை."

அவர் கை கழுவப் போனதுதான் தாமதம், யோகாம்பாள் ஒரு பிடி குண்டை அள்ளி, சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்தாள். மிச்சத்தை அள்ளமுன் வாசல் மணி அடித்தது.

ஆரணியோடு வந்த ஸிண்ட்ரே சப்பாத்தைக் கழற்றமுன்னரே ஸ்ரீஸ்கந்தராசா குண்டுப் பெட்டியை அவன் கையில் வைத்தார்.

"ஆரணி, அவன் உன்னட்டைக் குடுத்துவிட்டதெல்லாம் அளவாக்கிப்போட்டன் எண்டு சொல்லு. வளையமும் நானே லேத்திலை கடைஞ்சது. நாளையான் சுடுற போட்டியிலை என்ர மருமோன் தோக்கக்கூடாது."

ஸிண்ட்ரே எண்ணிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

"பத்துக் குறையுதாம், அப்பா."

யோகாம்பாள் சாமித்தட்டுக்குப் போய், திருநீறு ஒட்டிய குண்டுகளோடு வந்தாள்.

"உது அங்கை என்னத்துக்கு?" என்றார் அவர்.

"சோதினைக்குப் போகேக்கை பேனையைச் சாமியிட்டை வைக்கிறேல்லையே? அப்பிடித்தான்," என்றாள். பத்தையும் எண்ணிப் பெட்டிக்குள் போட்டாள்.