மனசுக்குத் தொண்ணூற்றேழு

மேனேஜரின் முகம் காலையிலிருந்தே வாடியிருக்கிறதே என்று டீ கொண்டுபோன சமாதானம், அதை அப்படியே அவர் மேஜையில் கவிழ்த்துவிட்டார். கவிழ்த்ததுகூடப் பரவாயில்லை. கவிழ்த்த இடம் மார்க் பட்டியல்.

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் போன் எடுப்பவர் சமாதானம். திட்டுவதற்காகக் கூப்பிடுகிறவர்கள், கடைசியில் அவருடைய முதுகுவலியை விசாரித்துவிட்டு வைப்பார்கள். மெஷின் மட்டும் ஓடாது. 'சமாதானம்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

மேனேஜர் துணி தேடி ஓட, இவர் கைக்குட்டையால் தாளை ஒற்றினார். கை ஒற்றும்போது கண் சும்மா இருக்குமா?

பிரிவில் இருப்பதே இரண்டு பேர். இனி ஒருவர் போதுமாம். அதற்காகத்தான் போன வாரம் இரண்டு பரீட்சை வைத்தார்கள், மூளைக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று. பக்கத்து சீட்டில், எல்லாரும் 'கால்குலேட்டர்' என்று கூப்பிடும் பையனுக்கு மூளையில் 91, மனசில் 38. இவருக்கு மூளையில் 42. அதில் ஆச்சரியமில்லை, வீட்டில் மனைவி தினமும் போடுகிற மார்க்தான். ஆனால் மனசில் 97!

விரல்விட்டு இரண்டு முறை கூட்டினார். இவருக்கு 139, அவனுக்கு 129. மகள் காலேஜில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் வேலை தருவார்கள் என்று ஒரு வாரமாகத் தூங்கவிடாத கவலை தீர்ந்தது.

சீட்டுக்குத் திரும்பியதும், பாவம், கால்குலேட்டரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"தம்பி, எது நடந்தாலும் மனசைத் தளர விடாதப்பா."

"நான் எதுக்குண்ணே தளரணும்? என்னை அனுப்பினா மறுநாளே கோர்ட்டுல நிப்பேன். பரீட்சையில கேட்டாங்கல்ல, அப்படியே எழுதிட்டேன். நீங்க என்ன எழுதினீங்க?"

"கம்பெனியோட கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டு, எல்லாரையும் வாழ்த்திட்டுப் போவேன்னு."

"தெய்வம்ணே நீங்க!" என்று சிரித்துவிட்டுப் போனை எடுத்தான்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரே ஒரு கவர். மேனேஜருக்குக் கண் கலங்கியிருந்தது. சமாதானம் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இந்த முறை சிந்தாமல், நீட்டினார்.

"விடுங்க சார், உங்க நிலைமை எனக்குப் புரியுது. அந்தத் தம்பிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிடறேன்."

"அவர்கிட்ட சொல்ல ஒண்ணுமில்லீங்க."

கவர் இவர் பக்கமாக நகர்ந்து வந்தது. மேலே இவர் பெயர் இருந்தது.

"டீ துடைக்கும்போது பார்த்துட்டேன் சார். மனசுல எனக்குத்தானே அதிகம்? கூட்டினாலும் நான்தானே முதல்? நேராச் சொல்லுங்க."

மேனேஜர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"யாரு சண்டை போடாமப் போவாங்கன்னு பார்க்கத்தான் சார், அந்தப் பரீட்சையே வெச்சோம்."