உறை பிரிக்காத கார்

கீழ்வீட்டு ஞானசிகாமணி கார் வாங்கி மூன்று வருடமாகியும் சீட்டுகளின் பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. எறும்புகூடக் கால் துடைத்துவிட்டுத்தான் அதில் ஏற வேண்டும். அன்று மாடிவீட்டு ரெஜினாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. புருஷன் வெளியூரில் இருந்ததால் நான்தான் அவளைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவந்தேன். "சார், ஆஸ்பத்திரிக்குப் போகணும், சீக்கிரம்" என்றேன். அவர் அவளுடைய நனைந்த நைட்டியைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். "ஒரே நிமிஷம், பழைய போர்வை எடுத்துட்டு வரேன்." உள்ளே போய் பீரோவைக் குடைந்துகொண்டே இருந்தார். "முடியலைக்கா" என்று ரெஜினா என் தோளைப் பற்றினாள். தெருவில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்த வேன்காரர், கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் ஞானசிகாமணி பிரசவ வார்டுக்கு வந்தார். "நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? அதுக்குள்ள என்னம்மா அவசரம்?" என்று சிரித்தபடி குழந்தையை வாங்கக் கை நீட்டினார். ரெஜினா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கையைக் கழுவிட்டு வாங்க, சார்."