அக்கா பூட்டிய டிஸ்க்

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையை அக்காவும் தங்கையும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். பழைய ஸ்கேன் படங்கள் இருந்த டிஸ்க்குகளைப் பூட்டியவள் அக்கா. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கறுப்புத் திரையில் அதே ஒரு வரிக் கட்டளையை அடிப்பாள்; தாறுமாறான எழுத்துகளில் ஒரு பாஸ்வேர்டு வரும். ஒருமுறை வந்தது மறுமுறை வராது. அதை மனப்பாடம் செய்துகொள்வாள். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவளிடமிருந்து பாஸ்வேர்டு வாங்க முடியாது. போன மாதம் சாலை விபத்தில் அவள் போய்விட்டாள்.

இன்று காலை ஒரு சிறுமிக்குத் தலையில் அறுவை சிகிச்சை. பழைய படத்தைப் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சர்ஜன் வந்து வாசலிலேயே நின்றார். தங்கை என்னென்னவோ அடித்துப் பார்த்தும் டிஸ்க் திறக்கவில்லை.

"முடியல டாக்டர். இனிமே வர்ற படத்துக்காவது புது டிஸ்க் போடறேன்" என்று சொல்லி, அக்காவின் கட்டளையை அடித்தாள். வந்த புதுப் பாஸ்வேர்டைக் கைதவறிப் பழைய டிஸ்க்கின் கட்டத்தில் ஒட்டிவிட்டாள்.

டிஸ்க் திறந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றார் சர்ஜன்.

"நான் புதுசுதான் கேட்டேன். அவ பழசைக் குடுத்துட்டா."

சிறுமி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள் என்று மதியம் மாடியிலிருந்து போன் வந்தது. தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலமாரியில் அக்கா பூட்டிய டிஸ்க்குகள் இன்னும் நிறைய இருந்தன. அடுத்ததைச் செருகி, அதே கட்டளையை அடித்தாள். வேறொரு பாஸ்வேர்டு வந்தது.

அதுவும் திறந்தது.