சேராத எழுத்துகள்

அலெப்போவின் அச்சுக்கடையில் மதிய வெயில் விசைப்பலகைத் தூசியின் மேல் படுத்திருக்கிறது. புதிதாக லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய கணினியில் சுவரொட்டி மென்பொருளை நிறுவ முடியாமல் கடைக்காரன் புர்ஹான் சோர்ந்திருக்கிறான். அது ஒரு கோப்பைக் கேட்கிறது; கொடுத்தால் அந்தக் கோப்பு இன்னொன்றைக் கேட்கிறது. தகப்பனின் மரண அறிவிப்புச் சுவரொட்டிக்காக வத்தாஹ் எதிரே நிற்கிறான். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். "அண்ணே, தெருவுக்கே இன்னும் சேதி தெரியாது." "இலவசம்னுதான் ஏத்தினேன் தம்பி, உசுர வாங்குது." ஒருவழியாக மென்பொருள் திறக்கிறது. புர்ஹான் இறந்தவரின் பெயரை, 'லபீப்' என்று தட்டுகிறான். அரபியில் ஒன்றோடொன்று கைகோத்து வரவேண்டிய எழுத்துகள் திசைமாறி, தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. வத்தாஹ் திரையைத் தொடுகிறான். "அத்தனை குண்டுக்கும் தப்பி முழுசாப் போன மனுசன், அண்ணே. பேராவது முழுசா இருக்கட்டும்." புர்ஹான் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எழுகிறது.