ஏட்டையாவின் வலது கை

“இங்கனதான்வே. நல்லா அழுத்திப் பிடியும்.”

ஏட்டு நம்பிராஜன் பாறையில் குப்புறப் படுத்திருந்தார். காக்கி உடுப்பும் சிவப்புத் தலைப்பாகையும் மடித்துத் தலைமாட்டில் இருந்தன. பலவேசம் அவருடைய வலது தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலை வைத்தான். சதை முறுக்கேறிக் கல்லாக நின்றது.

குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது பலவேசத்தின் பிழைப்பு. எந்த உடம்பு என்ன வேலை செய்கிறது என்பது அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். நாற்று நடுகிறவர்களுக்கு இடுப்பில் பிடிக்கும். வண்டிக்காரனுக்குப் பிடரியில்.

இது கையை ஓங்கி ஓங்கி வந்த பிடிப்பு.

“வெறகு வெட்டுனியளோ ஏட்டையா?”

அவர் சிரித்தார். முதுகு குலுங்கியது.

“வெறகுதாம்வே. பச்ச வெறகு. பொளக்க மாட்டேங்கு.” கன்னத்தைப் பாறையில் சாய்த்துக்கொண்டார். “தந்திக்கம்பிய அறுத்த பய ஒருத்தன். இவன் கம்பிய அறுத்தா வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயிருவானாம். வாயத் தொறக்க மாட்டேங்கான்.”

பலவேசத்தின் விரல் நின்றது.

“என்னவே, நிறுத்திட்டீரு?”

“எண்ணெ வத்திட்டு ஏட்டையா.”

கிண்ணம் நிறைய எண்ணெய் இருந்தது.

அந்தப் பயல் பலவேசத்தின் மகன், சுடலைமாடன். கீழப்பாவூருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று விசாரிக்கக்கூட பலவேசம் போகவில்லை. மனைவி முருகம்மாள் தினமும் கேட்பாள். நாளைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் அருவிக்கு வந்துவிடுவான்.

அடுத்த பாறையில் வேறொருவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஏசுதாசனுக்கு இது தெரியும். அவன் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு பார்க்கவே இல்லை.

“அப்பன் பேரக் கேட்டா, செத்துட்டாங்கான்” என்றார் ஏட்டையா. “ஊரக் கேட்டா, ஊரே கெடையாதுங்கான். நல்லா வளத்திருக்கான் அந்தச் செத்துப்போன அப்பன்.”

சாரல் விழுந்தது. முதுகில் எண்ணெயின் மேல் துளிகள் ஒட்டாமல் உருண்டன.

தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே விரல் பட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விலக வேண்டும் என்று தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் சொல்வார்கள். விலகாமல் ஒரு திருகு திருகினால் போதும். நரம்பு பிசகிவிடும். கை தலைக்கு மேல் எழும்பப் பல நாளாகும். ஈரக் காற்றில் பிசகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பலவேசத்தின் கட்டைவிரல் அந்த இடத்துக்குப் போனது.

“பாத்துப் பிடியும்வே. எங்கை ஓஞ்சுதுன்னா அந்தப் பய செத்தான்.”

“அதெப்படி ஏட்டையா?”

“நான் அளவு தெரிஞ்சு அடிக்கவன். எலும்புல படாது. ஈரல்ல படாது. புதுசா ஒருத்தன் வந்திருக்கான், எப்ப எப்பன்னு நிக்கான். அவங்கிட்ட விட்டா விடியும்போது பொணந்தான்.” கன்னத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். “அந்தப் பய மேல எனக்கு ஒரு எரக்கம் இருக்குவே.”

இரக்கம் என்று சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே இளகியிருந்தது. பலவேசத்துக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

அவன் விரலை அந்த இடத்திலிருந்து எடுத்தான்.

எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தான். தோளில் தொடங்கினான். முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு புஜம், முழங்கை, மணிக்கட்டு. ஒவ்வொரு விரலாக நீவிச் சொடுக்கெடுத்தான். யாருக்கும் அவன் இத்தனை கவனமாகப் பிடித்துவிட்டதில்லை.

“அந்த பெல்ட்ட எடுத்து நனையாம வையும்.”

எடுத்து, தன் துண்டுக்குள் பொதிந்து வைத்தான். கனமாக இருந்தது.

ஏட்டையா எழுந்து உட்கார்ந்தார். வலது கையைத் தலைக்கு மேல் ஓங்கிப் பார்த்தார். இன்னொரு முறை ஓங்கினார்.

“பூ மாதிரி இருக்குவே!”

பலவேசம் கும்பிட்டான்.

“ஒரே ஒரு பேருதான் கேக்கேன்” என்றார் அவர், எழுந்துகொண்டே. “கம்பம் ஒசரம். கீழ ஒருத்தன் தோள் குடுக்காம இந்தப் பய ஏறியிருக்க முடியாது. அவன் யாருன்னு தெரிஞ்சிட்டா நான் இவன ஏன் தொடப்போறேன்? இன்னைக்குச் சொல்லிருவான்.”

அவர் அருவியைப் பார்த்து நடந்தார்.

பலவேசம் எழுந்து நின்றான். தன் தோளை ஒருமுறை தடவிக்கொண்டான்.

“நாந்தான் ஏட்டையா” என்றான். “கம்பத்தடியில நின்னது நாந்தான்.”

ஏட்டையா திரும்பினார். அருவி இரைந்து கொட்டிக்கொண்டிருந்தது. வலது கையைக் குவித்துக் காதருகே வைத்துக்கொண்டு கத்தினார்.

“என்னவே?”

பலவேசம் அந்தக் கையைப் பார்த்தான்.

“பாறை வழுக்கும், பாத்துப் போங்கன்னேன்.”